ஒரு வார்த்தை போதும்

"இதிலே பாட்டு வருமா?"

விடுதியில் என் மேஜைமேல் நிற்கும் சிறிய கறுப்புப் பெட்டியைப் பார்த்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. வராது என்பேன். செய்தி வருமா என்பார்கள். அதுவும் வராது. "பின்னே எதற்கு இந்தச் சனியன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தம் கைப்பேசியில் பாட்டை வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர் மட்டும், போகிற போக்கில், "அந்தப் பதிலையே எழுதிக் கொடுத்துவிடு" என்றார். ஆகவே எழுதுகிறேன். ஆனால் அந்தப் பதிலை இந்தக் கல்கத்தாவிலிருந்து தொடங்க முடியாது. திருச்சியிலிருந்து, 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நான் திருச்சியில் பாட்டி வீட்டில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா, தங்கை மூவரும் சென்னையை அடுத்த முடிச்சூரில் இருந்தார்கள். டிசம்பர் முதல் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிவிட்டது. அன்றிரவு அம்மா தொலைபேசியில் பேசினாள். "தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. மாடிக்குப் போகிறோம்" என்றாள். அடுத்த வாக்கியம் வரவில்லை.

அதன்பின் மூன்று நாள். பாட்டி தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பள்ளிக்குப் போனேனா, என்ன சாப்பிட்டேன் என்பதெல்லாம் மறந்துவிட்டது. பாட்டி காபியை ஆற வைத்து ஆற வைத்துக் கீழே கொட்டியது மட்டும் நினைவிருக்கிறது. தொலைக்காட்சியில் படகுகள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் நம் வீட்டு முகம் தெரிகிறதா என்று அருகில் போய்ப் பார்ப்பாள்; பிறகு கண் தெரியவில்லை என்று என்னைப் பார்க்கச் சொல்வாள்.

நான்காம் தேதி மாலை மணி அடித்தது. பேசியவர் யாரோ ஓர் இளைஞர். படகில் போனவராம், மாடிகளில் நின்றவர்கள் சொன்ன எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, தாம்பரம் வந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறாராம். "உங்கள் பிள்ளை வீட்டில் மூன்று பேரும் நலம். மாடியில் இருக்கிறார்கள்" என்றார். பத்து விநாடிகூட இராது. வைத்துவிட்டார். பாட்டி முக்காலியை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, "பசிக்கிறதடா கண்ணு" என்றாள்.

மூன்று நாள் வேதனையைத் தீர்த்தது அந்த ஒரு வாக்கியம். அது ஏன் மூன்று நாள் பிந்தி வந்தது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

கைப்பேசியைக் கம்பியில்லாக் கருவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், பக்கத்துக் கோபுரம் வரையில்தான் அதற்குக் கம்பி இல்லை. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பாட்டரி சில மணி நேரம் தாங்கும்; பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும்; டீசல் கொண்டுவர ஒரு சாலை வேண்டும். சாலைமேல் ஆறு ஓடினால், கையில் இருக்கும் விலையுயர்ந்த கருவி கடிகாரமும் கைவிளக்கும் ஆகிவிடுகிறது. கோபுரம் பிழைத்திருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் கூப்பிட்டால் வழி அடைத்துக்கொள்ளும்.

நடுவில் கோபுரமே இல்லாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேரே பேச முடியாதா? முடியும் என்பதை இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் விடுதி மொட்டைமாடியில் தினமும் இரவு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தனியே நின்று பேசிக்கொண்டிருப்பார். காதல் விவகாரம் என்றே முதலில் எண்ணினேன். ஒரு நாள் துணி எடுக்கப் போனபோது, அவர் கையில் கைப்பேசி இல்லை, குட்டை வால் முளைத்த ஒரு பெட்டி இருக்கக் கண்டேன். அவரை எல்லாரும் தாதா என்பார்கள். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம் ஊர்ச் சினிமாவில் வரும் தாதா அல்ல. அவர் ஒரு ஹாம். அதாவது அரசாங்க அனுமதி பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர். நம் நாட்டில் இந்த அனுமதி புதிதல்ல. 1921-லேயே அமரேந்திர சந்திர குப்தா என்பவர் முதலாவதாக அதைப் பெற்றிருக்கிறார்.

தாதா சொன்ன கதைகள் மூன்று. 2001 ஜனவரி 26-ல் பூஜ் நகரம் இடிந்து தொலைபேசி நிலையமும் வீழ்ந்தபோது, ஹாம்கள் செட்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது ஒன்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் குழு அந்தமானிலிருந்து உலகத்து ஹாம்களோடு பொழுதுபோக்காகப் பேசப் போயிருந்தது. 26ஆம் தேதி கடல் பொங்கியதும், அந்த விளையாட்டுச் செட்டே போர்ட் பிளேரின் நலச் செய்திகளைக் கரை சேர்த்தது. இது இரண்டாவது. மூன்றாவது, 2020 மே 20-ல் அம்பான் புயல் இதே வங்கக் கரையைத் தாக்கியபோது நடந்தது. அதில் அவருக்கே பங்கு உண்டு. அதைப்பற்றி மட்டும் அவர் அதிகம் பேசவில்லை.

"நானும் ஒன்று வாங்கிவிடுகிறேன்" என்றேன்.

"முதலில் பரீட்சை எழுது. செட் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

அனுமதியில்லாமல் இதை இயக்குவது குற்றம். கடையில் கிடைக்கிறது என்பதனால் வாங்கி முடுக்கிவிடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். விலை மலிந்த செட்டுகள் போலீஸ், தீயணைப்புப் படை முதலியோரின் அலைவரிசைகளில்கூடப் போய் விழக்கூடியவை. உதவ நினைத்தவன் உபத்திரவமாக முடிவான். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் மின்னியல் பாதி, விதிமுறை பாதி. 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. அடுத்த நிலைக்கு வேண்டும். தேறிய பிறகு காகிதங்கள் மேஜைக்கு மேஜை யாத்திரை போகும். எனக்குப் பல மாதம் ஆயிற்று. முடிவில் வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்று கிடைத்தது. பெற்றோர் வைத்த பெயருக்குப் பிறகு நான் பெற்ற இரண்டாம் பெயர் அது.

செட்டும் வந்தது. 5 வாட் சக்தி, உள்ளங்கையளவு உடல். இந்தியாவில் நம்மைப் போன்றவருக்கு விட்டிருக்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பேசலாம். அன்று மாலையே மாடிக்கு ஓடி, என் குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. என்னை மட்டும் ஒருவரும் சட்டை செய்யவில்லை. அரைமணி கத்தினேன். கலியாண வீட்டில் யாரும் கவனிக்காத விருந்தாளியின் கோபம் எனக்கு வந்தது.

தாதா வந்து செட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். உயரமான இடத்தில் ரிப்பீட்டர் என்னும் இடைநிலையம் ஒன்று உண்டு. நம் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் உரக்க ஒலிபரப்பும். கண்ட இரைச்சலுக்கெல்லாம் அது வாய் திறக்காமலிருக்க, பேச்சோடு காதுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய சுருதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நான் அந்தச் சுருதியைச் சேர்க்கவில்லை. கதவைத் தட்டாமல் வாசலில் நின்று ராகம் பாடியிருக்கிறேன்!

"இதை வெள்ளம் வந்த அன்று கண்டுபிடித்திருந்தால்?" என்றார் தாதா. சிரிப்பு எனக்கு அத்தோடு நின்றது.

அன்றுமுதல் ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் பாடம். படித்தவற்றில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, உயரம். இந்த அலைகள் ஏறக்குறையக் கண் போகும் வழியிலேயே போகின்றன. சமவெளியில் இருவர் நின்று பேசினால் கணக்குப்படி 10 கிலோமீட்டர். கல்கத்தாவின் கட்டடக் காட்டில் அது இரண்டு, மூன்றாகச் சுருங்கிவிடும். ஒருவர் 16 மீட்டர் உயர மாடியேறிவிட்டால் கணக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சக்தியைக் கூட்டுவதைவிட நாலு படி ஏறுவது மேல்.

இரண்டாவது, ஏரியல். செட்டோடு வரும் ரப்பர் வால் சட்டைப்பைக்குச் சௌகரியம், வேலைக்கு அரைகுறை. 145 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் ஐந்து செப்புக் கம்பிகளை வெட்டி, ஒன்றை மேல்நோக்கியும் நான்கைக் குடைக்கம்பிபோலச் சரித்தும் ஒரு சாக்கெட்டில் பற்றவைத்தேன். துணி காயப்போடும் மூங்கிலின் உச்சியில் கட்டியதும், இரைச்சலுக்குள் அமிழ்ந்திருந்த குரல்கள் பக்கத்து அறைக்கு வந்துவிட்டன. அதற்கும் வசதியில்லையென்றால், அதே நீளக் கம்பி ஒன்றை ஏரியலின் அடியில் உலோகப் பகுதியில் சுற்றிக் கீழே தொங்கவிட்டாலே குரல் தெளியும். ஹாம்கள் இதற்குப் புலிவால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பிடித்த புலிவால்களில் எனக்கு நன்மை செய்தது இது ஒன்றே. செட்டைச் செங்குத்தாகப் பிடிக்கவும் மறக்கக்கூடாது; படுக்க வைத்துப் பேசினால் பாதிக்குமேல் வீணாகும்.

மூன்றாவது, சிக்கனம். கேட்பதற்குச் செலவு சொற்பம். பேசத்தான் பாட்டரி கரைகிறது. 1 வாட்டில் எட்டுமானால் 5 வாட்டைத் தொடக்கூடாது. மின்சாரம் போன நாளில் ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிஷம் மட்டும் செட்டைத் திறப்பது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அலைவரிசைகளைக் கணினியில் இணைத்து ஏற்றுவது சுலபம். ஆனால் கணினியும் படுத்துவிடும் நாளுக்காகத்தான் இந்தச் செட்டே. ஆகையால் இருட்டில், விரலாலேயே எண்களையும் சுருதியையும் ஏற்றப் பழகினேன். மாற்றுப் பாட்டரி, பென்சில், காகிதம், அலைவரிசைகளைக் கையால் எழுதிய அட்டை, இவை எல்லாம் ஒரு நனையாத பையில். பேனா வேண்டாம், நனைந்த காகிதத்தில் எழுதாது.

நான்காவது பாடத்தை மொட்டைமாடியில் கற்க முடியவில்லை. அதைக் கங்காசாகரத்தில், கொஞ்சம் அவமானப்பட்டுக் கற்றேன்.

மகர சங்கராந்தியன்று கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் லட்சக்கணக்கானவர் நீராடுவார்கள். எட்டாம் நம்பர் லாட் என்னும் துறையிலிருந்து படகில் கச்சுபேரியாவுக்கு வந்து, அங்கிருந்து தீவுக்குள் 30 கிலோமீட்டர் போனால் கபில முனிவர் கோயிலும் கடலும். அந்தக் கூட்டத்தில் கைப்பேசி திணறும். வயதானவர்கள் வழி தவறுவார்கள். மாவட்ட நிர்வாகத்துக்கு உதவியாக வங்காளத்து ஹாம்கள் அங்கே கூடாரம் போட்டு, தவறியவர்களை உறவினரிடம் சேர்ப்பது வழக்கம். 2025 ஜனவரியில் நானும் போனேன். எனக்குக் கச்சுபேரியாக் கரை. எதிர்க்கரையில் ஒருவர், மேளா மைதானத்தில் சிலர், நடுவில் உயரக் கம்பத்தில் ஒரு ரிப்பீட்டர், எல்லாரையும் ஒழுங்குபடுத்தக் கட்டுப்பாட்டு நிலையத்தில் தாதா.

பிற்பகல் மூன்று மணிக்கு மைதானத்திலிருந்து என் குறியைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டார். ஒரு மூதாட்டி காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாளாம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒடியாவில் கேட்டாயிற்று, தெலுங்கில் கேட்டாயிற்று. உன் பாஷையாக இருக்கலாம், பேசிப் பார் என்றார்.

"அம்மா, நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டேன்.

ஒரு கணம் இரைச்சல் மட்டும். பிறகு, "ஐயா! தமிழா பேசுதே? எங்கய்யா இருக்கே? எங்க ஆளுவள எங்கயும் காங்கலயே!" என்று ஒரு குரல் வெடித்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குரல். நான் பதில் சொல்ல, அவளும் கூடவே பேச, இருவர் பேச்சும் மோதி ஒன்றும் விளங்கவில்லை. இந்தச் செட்டில் ஒரு நேரம் ஒருவர்தான் பேச முடியும். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் 'ஓவர்' என்பதற்கு ஒரு வார்த்தை வேண்டுமே!

"ஆச்சி, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க பேசி முடிச்சதும் 'ஆச்சு'ன்னு சொல்லுங்க. நானும் முடிச்சதும் 'ஆச்சு'ன்னு சொல்வேன். அப்புறம் நீங்க பேசலாம். ஆச்சு."

"சரிய்யா. ஆச்சு" என்றாள் உடனே. எத்தனையோ படித்தவர்களுக்கு ஒரு வாரம் பிடிக்கும் வித்தை அது. 'ஆச்சு' என்ற சொல் கேட்டதும் அங்கிருந்த வங்காளி நண்பர் பொத்தானை விட்டுவிடுவார். பாஷை தெரியாமலேயே அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் சொன்னாள். யாத்திரை பஸ்ஸில் வந்ததைச் சொன்னாள். பஸ் எதிர்க்கரையில் நிற்கிறது. முன்கண்ணாடிக்குமேல் வேலோடு முருகன் படம். கைப்பேசி மருமகளின் பையில். எண் தெரியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. அவள் குரலில் என் பாட்டி தெரிந்தாள். பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன், உங்களைப்போல எனக்கும் ஒரு பாட்டி உண்டு, தண்ணீர் குடியுங்கள் என்று பொத்தானை அழுத்தியபடியே பேசிக்கொண்டு போனேன். கடைசியில் கையை எடுத்ததும், தாதாவின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல், அதுதான் சுட்டது.

"படகுத்துறையில் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். ஸ்ட்ரெச்சர் கேட்டு ஒன்றரை நிமிஷமாக அங்கிருந்து கூப்பிடுகிறார்கள். நீ வழியை அடைத்துக்கொண்டிருந்தாய்."

அந்தத் துறை என் கூடாரத்துக்கு நூறு கஜ தூரம்கூட இல்லை. ஸ்ட்ரெச்சர் போயிற்று. மயங்கியவர் எழுந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார் என்று பிறகு அறிந்தேன். எழுந்திராமல் போயிருந்தால்? கோபுரம் விழுந்ததால் 2015-ல் ஒரு செய்தி நின்றது. இங்கே கோபுரம் நன்றாகத்தான் இருந்தது; நின்றது என் நாக்கினால். அன்பினால்தான் பேசினேன் என்பது உண்மை. அடைபட்டவனுக்கு அந்த உண்மையால் என்ன பிரயோஜனம்?

அதற்குமேல் நான் பேசியது சில வரிகள்தான். எதிர்க்கரை நண்பரைக் கூப்பிட்டு, "தமிழ்நாட்டுப் பதிவு. முருகன் படம். யாத்திரை பஸ். டிரைவரைத் தேடுங்கள்" என்றேன். படம் எப்படியிருக்கும் என்று அவர் கேட்டார். "மயில்மேல் உங்கள் கார்த்திக்" என்றேன். வங்காளத்தில் கார்த்திக்கைத் தெரியாதவர் உண்டா? நாற்பது நிமிஷத்தில் பஸ் அகப்பட்டது. டிரைவரிடம் யாத்திரைத் தலைவரின் எண் இருந்தது; ஆனால் அவர் ஆச்சியைத் தேடி மைதானத்துக்குள்ளேயே அலைந்துகொண்டிருந்தார், அழைப்பு போகவில்லை. அவருடைய அங்க அடையாளமும் மஞ்சள் துண்டும் வானொலியில் மைதானத்துக்குப் போயின. அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் அழைக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல ஒரு வங்காளிப் பையன் தமிழை வங்க எழுத்தில் எழுதிக்கொண்டு வாசித்தான். அவன் தமிழை நான் கேட்கவில்லை. ஆனால் மஞ்சள் துண்டுக்காரருக்குப் புரிந்திருக்கிறது.

இருட்டிய பிறகு மறுபடி என் குறியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பொத்தானைத் தொடாமல் காத்திருந்தேன்.

"ஐயா, எங்க ஆளுவ வந்துட்டாவ. சோறு தின்னேன். ஆச்சு."

முகம் தெரியாத அந்த ஆச்சிக்கு நானும் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "சந்தோஷம், ஆச்சி." பாட்டி முக்காலியை எடுத்து மூலையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டதுபோல் இருந்தது.

நண்பர்களே, இந்தப் பெட்டியில் பாட்டு வராது, செய்தி வராது. ஆபத்து நாளில் யாராவது ஒருவர் ஒரு வரி சொல்வார். அதை வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கலாம். அதற்குச் செட் வாங்கினால் மட்டும் போதாது. முன்கூட்டியே பழகி, அதிகமாகக் கேட்டு, குறைவாகப் பேசி, வழியை விட்டு ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சுக்குப் பேர்போன நம் சங்கத்தாருக்கு இது சற்றுக் கடினமான பயிற்சி என்பதை அறிவேன். எனக்கே இன்னும் முழுதும் வரவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் இருப்பேன். வருகிறவர்கள் வரலாம். தேர்வுக்குப் படிக்கும் புத்தகம் என்னிடம் இருக்கிறது. துணி காயப்போடும் மூங்கிலை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.

ஆச்சு.